சிப்ஸுக்குள் எண்ணெய் எப்போது நுழைகிறது?

உருளைக்கிழங்கு சிப்ஸ் பிறந்தது பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1853-இல் அமெரிக்காவின் சரடோகா ஸ்பிரிங்ஸில், வறுவல் தடிமனாக இருக்கிறதென்று யாரோ தட்டைத் திருப்பியனுப்ப, கடுப்பான சமையற்காரர் ஜார்ஜ் க்ரம் கிழங்கை மெல்லிசாகச் சீவிப் பொரித்துக் கொடுத்தாராம். கதை ஜோர்தான். ஆனால் 1817-இல் லண்டனில் வில்லியம் கிச்சினர் வெளியிட்ட சமையல் நூலிலேயே இதன் பக்குவம் இருக்கிறது: எலுமிச்சைத் தோலைச் சீவுவதுபோலக் கிழங்கைச் சுற்றிச் சுற்றிச் சீவி, துணியில் ஈரம் போக ஒற்றி, கொழுப்பில் மொறுமொறுவெனப் பொரிக்க வேண்டும்.

ஈரத்தை ஒற்றச் சொன்னாரே, விஷயமே அதில்தான். கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 180 டிகிரி எண்ணெயில் சீவலைப் போட்டதும் பொங்குகிற குமிழி அத்தனையும் நீராவி. அது வெளியே சீறிக்கொண்டிருக்கும்வரை எண்ணெயால் உள்ளே அவ்வளவாகப் புக முடியாது. சலசலப்பு அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். நூற்றுக்கு இரண்டு பங்குதான் மிச்சமிருக்கும். எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே போவது கரண்டியில் அள்ளிய பிறகு. சூடு தணியும்போது துளைகளில் தங்கிய நீராவி சுருங்கித் தண்ணீராகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளிழுக்கப்படுகிறது. சிப்ஸின் எடையில் மூன்றிலொரு பங்கு எண்ணெய் சேர்வது இப்படித்தான். ஆகவே அள்ளிய சூட்டோடு நன்றாக உதறி வடித்துவிட வேண்டும்.

நிறம் வேறு கதை. கிழங்கின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்துதான் பொன்னிறமும் வாசமும் வருகின்றன. ஃபிரிட்ஜில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடும். பொரித்தால் கருத்துக் கசக்கும், புற்றுநோயை உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடும் கூடும். பொரித்த உணவில் இந்த வேதிப்பொருள் இருப்பதை ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2002-இல் அறிவித்தார்கள்.

சரி, ஊருக்கு ஊர் என்ன வித்தியாசம்? பெரும்பாலும் மேலே தூவும் பொடிதான். 1920-களில் லண்டனில் ஃபிராங்க் ஸ்மித் உப்பை நீலத் தாளில் மடித்துப் பொட்டலத்துக்குள் போட்டு விற்றார். 1954-இல் தொடங்கிய அயர்லாந்தின் டேட்டோ நிறுவனம் சீஸும் வெங்காயமும் சேர்ந்த சுவையைப் பிரபலமாக்கியது. கனடாவில் கெட்சப், ஜப்பானில் கடற்பாசி உப்பு, நம் பக்கம் மசாலா.

பாக்கெட்டில் பாதி காற்று என்று திட்டுகிறோமே, அது நைட்ரஜன். ஆக்சிஜன் பட்டால் அந்த மூன்றிலொரு பங்கு எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடித்துவிடும்.