பாசிக்குள் மாட்டாத மிதவைக் கயிறு

குளச்சல், முட்டம், கடியப்பட்டினம் பக்கம் பாறைகளில் மூச்சடக்கி முங்கிச் சிப்பி எடுக்கிறவர்களுக்கும் ஈட்டியால் மீன் குத்துகிறவர்களுக்கும் போயாவும் (மிதவை), அதையும் முங்குகிறவரையும் இணைக்கும் கயிறும் கூடவே வரும். கலிபோர்னியா, தென்னாப்பிரிக்கா போன்ற குளிர்கடல்களில் வளரும் கெல்ப் என்ற நீளமான கடற்பாசி நம் வெதுவெதுப்பான தண்ணீரில் வளராது. ஆனால் இங்கே சர்காசம் பாசி உண்டு, அறுந்து கிடக்கும் தங்கூசி (நைலான் நரம்பு) வலையும் உண்டு. அங்கேயும் இங்கேயும் கயிறு மாட்டுவது முடிச்சிலும் கொக்கியிலும் தொய்விலும்தான்.

நைலான் கடல்நீரைவிடக் கனம். தொய்ந்தால் மூழ்கிப் பாசித் தண்டைச் சுற்றும். பாலிபுரோப்பிலீன் மிதக்கும். ஆனால் வெயிலில் கிடந்து பிசிறடித்த கயிறு பாசியைக் கவ்வும். அதை வள்ளத்தில் வேறு வேலைக்கு வையுங்கள். வழுக்கலான பிவிசி உறை போட்ட 6 முதல் 8 மி.மீ. கயிறு நல்லது. மெல்லியது விலை குறைவுதான், ஆனால் கையை அறுக்கும், சுருண்டு சிக்காகும்.

வெட்டவெளியில் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் விடுவது வழக்கம். பாசிக்குள் அது அதிகம். 6 மீட்டர் ஆழத்துக்கு 7, 8 மீட்டர் போதும். மீதியைப் போயாவிலேயே சுற்றி வையுங்கள்.

நுனியில் முடிச்சுப் போடாமல் கண்ணியாகப் பின்னிச் செருகி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சரிவாகச் சுற்றுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கயிறு முழுவதையும் விரலிடுக்கில் ஓடவிடுங்கள். விரலில் தட்டுவது எதுவோ, அதுதான் பாசியிலும் தட்டும். வாய் திறந்த கொக்கி வேண்டவே வேண்டாம்.

மணிக்கட்டிலோ இடுப்பிலோ கயிறை முடிந்து கட்டுவதுதான் நாங்கள் பார்க்கும் மிக மோசமான பழக்கம். ஈட்டித் துப்பாக்கியின் பிடியில் மாட்டுங்கள். சிப்பிக்காரர்கள் இடுப்பில்தான் மாட்டியாக வேண்டுமென்றால், ஒரே இழுப்பில் கழலும் கிளிப் வேண்டும். அதைக் கையுறை போட்ட இடக்கையால் கரையிலேயே கழற்றிப் பாருங்கள். ஆழத்தில் கயிறு மாட்டினால் கீழே நின்று இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும், மூச்சும் தீரும். கழற்றிவிட்டு மேலே வந்து, மூச்சு சீரான பிறகு போயா பக்கத்திலிருந்து எடுக்கலாம். கெண்டைக்காலில் கட்டிய கத்தியின் வாரே பாசியில் மாட்டும். எந்தக் கையும் எட்டும்படி இடுப்பின் முன்பக்கம் வையுங்கள்.

சிப்பி மூட்டையைத் தாங்க லாரி டியூப் நல்லதுதான். பாசி மேலே படர்ந்த இடத்தில் மட்டும் நீளமான, கூர்முனை மிதவை எளிதாக வழுக்கி வரும். சிவப்பில் வெள்ளைப் பட்டை மூலைக்கு மூலை சாய்வாகப் போட்ட முங்குநர் கொடியை எல்லா வள்ளக்காரரும் புரிந்துகொள்வார் என்று நம்பாதீர்கள். வலை போயா என்று நினைத்துப் பக்கத்திலேயே எஞ்சினை ஓட்டி வருவார்கள். இறங்குமுன் சொல்லிவிட்டு இறங்குங்கள். மேலே வரும்போது ஒரு கையை உயர்த்தி, போயாவை ஒட்டியே வாருங்கள்.

மிதவை இருக்கிறதென்று தனியாக இறங்க வேண்டாம். ஒருவர் கீழே இருந்தால் மற்றவர் மேலே. முங்கியவர் தலை தூக்கிய பிறகும் 30 விநாடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். மயக்கம் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.