சரியாகப் பதினெட்டு போட்டவர்கள் எந்தத் தூணில்?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கூட்டம். சுவரில் நான் வரைந்த இரண்டு படங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து என்று, மேல் டிவிசனுக்கு ஒன்று, கீழ் டிவிசனுக்கு ஒன்று. தோட்டங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இப்படிக் கணக்கு தொகுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சாதாரண தரத்தில் வலையுருவரையம் என்று படித்திருப்பீர்கள். கீழே வகுப்பாயிடை (எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை), பக்கத்தில் மீடிறன் (அதற்குள் எத்தனை பேர்), இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும் தூண்கள். அதேதான்.

படத்தைப் பார்த்ததும் சின்ன துரை, அதாவது தோட்டத்தின் உதவி முகாமையாளர், சொன்னார்: "கீழ் டிவிசன்லதான் நிறையப் பேர் நோர்ம் போடல போல."

நோர்ம் என்பது முழுநாள் சம்பளத்துக்கு ஒருவர் பறித்தாக வேண்டிய கொழுந்தின் அளவு. அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அங்கே 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர். அதனால் 18க்கு இடப்பக்கம் நிற்கிற தூணை யாரும் லேசாக விடமாட்டார்கள். அது பாதிச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போனவர்களின் தூண்.

அவர் சொன்னது பிழை. ஆனால் பிழை அவருடையதல்ல, என்னுடையது. புரிவதற்காக எண்களைக் கொஞ்சம் எளிதாக்கிச் சொல்கிறேன். மேல் டிவிசனில் 120 பேர், 18க்கு முந்திய தூணில் 12 பேர். கீழ் டிவிசனில் 40 பேர், அதே தூணில் 4 பேர். இரண்டிலும் பத்துக்கு ஒருவர்தான். ஆனால் எக்செல் ஒவ்வொரு படத்துக்கும் அதிலுள்ள மிக உயரமான தூணைப் பார்த்து நிலைக்குத்து அச்சைத் தானே போட்டுக்கொள்ளும். மேல் டிவிசனின் உயரமான தூண் 54 பேர், ஆகவே அச்சு 60 வரை. கீழ் டிவிசனில் கொழுந்தின் அளவு பரவலாக இருந்தது, உயரமான தூணே 11 பேர்தான், ஆகவே அச்சு 12 வரை. 12 பேர் நிற்கும் தூண் சட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு உயரம். 4 பேர் நிற்கும் தூண் மூன்றில் ஒரு பங்கு! அறையின் பின்வரிசையில் இருப்பவருக்கு அச்சிலுள்ள குட்டி எண்களா தெரியும்? உயரம்தான் தெரியும்.

சரி, இரண்டுக்கும் ஒரே அச்சு, 60 வரை போட்டுவிட்டால்? அப்போது 12க்குப் பக்கத்தில் 4. இந்தத் தடவை மேல் டிவிசன்தான் மூன்று மடங்கு மோசம் என்று தோன்றும். அங்கே ஆட்களே மூன்று மடங்கு என்பதைப் படம் சொல்லாது. ஆள்தொகை வேறுபடும் இரண்டு கூட்டத்தை ஒப்பிடுவதென்றால் தலைகளை நூற்றுவீதமாக்கி, இரண்டு படத்துக்கும் ஒரே அச்சை நாமே கையால் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் அந்தத் தூண்கள் சம உயரத்துக்கு வரும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பாதிக்கிணறு தாண்டிய கதை.

அச்சைப் பூச்சியத்தில் தொடங்காமல் விடுவது இன்னொரு வகை. கோட்டு வரைபடத்தில் அதற்கு நியாயம் உண்டு. வலையுருவரையத்தில் எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் அங்கே தூணின் பரப்புத்தான் ஆட்களின் எண்ணிக்கை. அடியை வெட்டினால் ஆட்களை வெட்டுகிறோம். கீழ் டிவிசன் படத்தை 5இல் தொடங்கிப் பாருங்கள், அந்த 4 பேர் படத்திலேயே இல்லை. கடைசித் தூணை மட்டும் "25க்கு மேல்" என்று அகலமாக்கி, உயரத்தை அதற்கேற்பக் குறைக்காமல் விடுவதும் இதே தவறு; அகலம் இரட்டித்தால் உயரம் பாதியாக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வேலைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

நூற்றுவீதப் படங்களோடு அடுத்த கூட்டத்துக்குப் போனேன், இனி யாரும் கேள்வி கேட்க முடியாது என்ற நினைப்போடு. கமிட்டித் தலைவி, கொழுந்து பறிக்கிறவர், எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்தார். 16–18 என்று எழுதியிருந்த தூணில் விரலை வைத்தார்.

"ஐயா, சரியாப் பதினெட்டு போட்டவுங்க இதுல நிக்கிறாங்களா, அடுத்ததுல நிக்கிறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். எக்செல் தரும் வலையுருவரையம் வகுப்பின் மேல் எல்லையை அந்த வகுப்புக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும். 16–18 என்றால் 16ஐத் தாண்டி 18 வரை, 18உம் சேர்த்து. நோர்மைச் சரியாக எட்டி முழுப்பேர் வாங்கியவர்கள் அத்தனை பேரையும் நான் எட்டாதவர்களோடு நிறுத்தியிருந்தேன். அதுவும் சரியாக 18 போடுகிறவர்கள் அங்கொருவர் இங்கொருவர் அல்ல. நோர்ம் என்ற ஒன்று இருக்கிற இடத்தில் ஆட்கள் அதை எட்டத்தான் பார்ப்பார்கள். நிறுத்த கொழுந்தில் கழிவு போக முழுக் கிலோவில்தான் பதிகிறார்கள். எல்லாம் சேர்ந்து 18இல் குவிந்துகிடக்கும்.

கிலோ முழு எண்ணில் இருந்ததால் திருத்தம் சுலபம். எல்லைகளை 15.5, 17.5, 19.5 என்று மாற்றினேன். மேல் டிவிசனின் 12 பேர் 5 ஆனார்கள். கீழ் டிவிசனின் 4 பேரில் ஒருவர்தான் மிச்சம். நிலைக்குத்து அச்சோடு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டிய எனக்கு, கிடை அச்சில் ஒரு எல்லை எந்தப் பக்கம் சேரும் என்று கேட்கத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது, தினமும் அந்த எல்லையில் நிற்கிறவர் அவர்தானே. எல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: வேறு சில மென்பொருள்கள் இதே 18ஐ மேல் வகுப்பில் சேர்க்கும். ஒரே பதிவேடு, ஆனால் படம் வேறு.

கொழுந்தை விட்டு மழைக்கு வருகிறேன். அங்கே சிக்கல் வேறு மாதிரி. மலைநாட்டில் 24 மணிநேர மழை 75 மி.மீ. தாண்டினால் ஒரு கட்டம், 100 தாண்டினால் அடுத்தது, 150 தாண்டினால் வெளியேற வேண்டிய கட்டம் என்பது மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு இந்த எண்கள் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

ஒரு வருட மழையை 25 மி.மீ. வகுப்புகளாக வரைந்தால், முதல் தூணிலேயே 300 நாட்களுக்கு மேல் வந்துவிடலாம். 150ஐத் தாண்டியது ஒரே ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் 15 சென்ரிமீற்றர் உயரம் என்றால் அந்த ஒரு நாளின் தூண் அரை மில்லிமீற்றர். பிரிண்டரின் மை கசிந்த கோடு என்றுதான் நினைப்பார்கள். பொய் எதுவும் இல்லாத படம்தான், ஆனால் வெளியேற வேண்டிய நாள் அதில் தெரியாது.

இதற்கு அலுவலகங்களில் மடக்கை (log) அளவிடை போடுவார்கள். 1, 10, 100 என்ற படிகள் சம தூரத்தில் வரும், சின்னத் தூண்கள் எழுந்து நிற்கும். ஆனால் அச்சு 1இல் தொடங்கினால் ஒரே ஒரு நாள் உள்ள தூணின் உயரம் பூச்சியம். காட்ட நினைத்ததே மறைந்துவிடும். ஆகவே 0.5 இலோ 0.1 இலோ தொடங்குவார்கள். எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துத் தூண்களின் உயர விகிதமும் மாறும், பரப்புக்கும் நாட்களுக்கும் இருந்த உறவு அறுந்துபோகும். 300 நாள் தூணும் 3 நாள் தூணும் அண்ணன் தம்பி போல நிற்கும். பழகிய கண் அதைச் சமாளித்துக்கொள்ளும். தோட்டக் கூட்டத்தில் அதைக் காட்டினால் வருடம் பூராவும் பெருமழை என்று பயந்துபோவார்கள்.

நான் இப்போது இரண்டு தாள் ஒட்டுகிறேன். ஒன்றில் வருடம் முழுவதும், சாதாரண அச்சில், பூச்சியத்திலிருந்து. மற்றதில் 75 மி.மீ.க்கு மேற்பட்ட நாட்கள் மட்டும், ஒரு நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் திகதி. இரண்டாவது தாளில் அச்சே போடுவதில்லை. கட்டங்களை விரல்விட்டு எண்ணிக்கொள்கிறார்கள்.