எந்தக் குரூஸ்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, ஒரு வியாழக்கிழமை இரவு தூத்துக்குடியில் இருக்கும் எங்கள் சித்திக்குப் போன் செய்து, "நாளைக்குச் சாயங்காலம் பிள்ளைகளோட குரூஸ் போறோம் சித்தி, திங்கட்கிழமைதான் இனி பேச முடியும்" என்றிருக்கிறான். சித்தி கொஞ்சமும் யோசிக்காமல் கேட்டாராம்: "எந்தக் குரூசு? நம்ம பெரிய கோயில் பக்கத்துல இருந்தாவளே, அவிய வீட்டுக்கா? அவிய எப்பம் சிங்கப்பூர் வந்தாவ?"

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த ஊரில் குரூஸ் என்றால் ஆள். ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்தபோதுதான் வல்லநாட்டிலிருந்து குடிநீர் ஊருக்குள் வந்தது. அவருக்குச் சிலை இருக்கிறது, பிறந்தநாளில் மாலை விழுகிறது. கடற்கரைத் தெருக்களில் நின்று 'குரூசு' என்று கூப்பிட்டால் நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

தம்பி இதை என்னிடம் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கோ சித்தி கேட்டதில் பாதி சரி என்று தோன்றியது. அவன் சொன்ன குரூசும், அதாவது கப்பலில் சுற்றிவரும் உல்லாசப் பயணமும், சித்தி நினைத்த ஆள் குரூசும் ஒரே வேரில் பிறந்த சொற்கள்.

வேர், லத்தீன் மொழியின் 'குருக்ஸ்'. பொருள் சிலுவை. அது போர்த்துகீசிய மொழியில் 'குருஸ்' ஆனது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின், அதாவது தூத்துக்குடிக் கரையோரத்தின், பரதவர்கள் போர்த்துகீசியர் வழியே கிறித்தவத்தைத் தழுவியபோது, சொல் அவர்களோடு கரையேறியது. சிலுவைக்குக் 'குருசு', சிலுவை நட்ட சிறு கோயிலுக்குக் 'குருசடி', பிள்ளைக்குக் 'குரூஸ்' என்று அது தமிழில் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. (சிலுவை என்ற சொல்லும் நம்முடையதல்ல, சிரியாக் மொழியிலிருந்து வந்தது. ஆனால் இன்று அதை அந்நியம் என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள்.)

அதே லத்தீன் வேர் டச்சுக்காரர்களிடம் 'கிரௌஸ்' ஆனது. அதிலிருந்து அவர்கள் ஒரு வினைச்சொல்லைச் செய்துகொண்டார்கள். குறுக்கே கடப்பது, அதாவது ஒரு கடல் பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கப்பலை ஓட்டிக்கொண்டிருத்தல். எதிரிக் கப்பல் வருகிறதா, வணிகக் கப்பல் சிக்குமா என்று பார்த்தபடி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும் வேலை அது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர்கள் இதை எடுத்துக்கொண்டு 'குரூஸ்' என்றார்கள். அதே காலத்தில், 1658இல், டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள் என்பது சும்மா சொல்லி வைக்கவேண்டிய செய்தி. ஒரு சொல்லின் இரு கிளைகளுக்கும் உரியவர்கள் அந்த ஒரே கரையில் மோதியிருக்கிறார்கள்.

ஆக, முதலில் குரூஸ் என்பது காவல் வேலை, சில சமயம் கொள்ளை வேலை. குரூசர் என்று இன்றும் ஒரு போர்க்கப்பல் வகை உண்டு. இன்பத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் கிடையாது. அதன் கருப்பொருள் ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கப்பலுக்குப் போய்ச் சேரவேண்டிய ஊர் இல்லை.

நம்மிடம் கப்பல் பயணம் இருந்ததே, அது குரூஸ் ஆகாதா என்று கேட்கலாம். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன 'ரஜூலா', அதற்குப் பின் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' இரண்டையும் பற்றி ஏதாவது ஒரு கதை பல மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இருக்கும். அவை பயணிகள் கப்பல்கள். ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கிவிடும். இறங்கியவர் பத்து வருடம் கழித்துத் திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலே போகலாம். 1985இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. அதில் போனவர் யாரும் அதை உல்லாசம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

வேறுபாட்டை விளங்கிக்கொள்ள இன்னும் அண்மைய எடுத்துக்காட்டு இலங்கையின் வடக்கே உள்ள காங்கேசன்துறை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று தொட்டுவிட்டுச் சென்னைக்கே திரும்பியது. அது குரூஸ். அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகு விட்டார்கள். அது குரூஸ் அல்ல, துறைக்குத் துறை போகும் போக்குவரத்து. ஒரே துறைமுகம், ஒரே ஆண்டு, இரண்டு வேறு சொற்கள்.

ஊர் போய்ச் சேரும் கப்பலைச் சும்மா சுற்றிவர அனுப்பலாம் என்ற யோசனை ஐரோப்பாவில் வலுப்பட்டது 1891இல். ஹம்பர்க் நகரத்துக் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைவதைப் பார்த்தார். கப்பலைச் சும்மா கட்டிவைத்தால் நட்டம். 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பி, கிட்டத்தட்ட இரண்டு மாதம் சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுவந்தார். முதல் நோக்கம், காலி இடத்தை நிரப்புவது. இன்றைய சலுகை விலை அறிவிப்புகளுக்கும் இதுதான் அடிப்படை, கவனித்துப் பாருங்கள்.

அப்புறம் இந்த வாரக்கடைசிக் குரூஸ். அதன் பிறப்பு இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கரையில் குடிக்க முடியாது, ஆனால் எல்லை தாண்டிய கடலில் அயல்நாட்டுக் கப்பலுக்கு அந்தச் சட்டம் செல்லாது. நியூயார்க்கில் ஏறி, கடலுக்குள் போய், ஓரிரண்டு நாள் குடித்துவிட்டு, அதே நியூயார்க்கில் இறங்கும் பயணங்கள் விலைபோயின. 'எங்கும் போகாத குரூஸ்' என்றே அதற்குப் பெயர். நம் ஊரில் இதன் எதிரொலி கேட்டது 2022இல். அந்த ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பல் புதுச்சேரிக்கு அருகே வந்தும் அங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலுக்குள் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்பதுதான் அங்கே கிளம்பிய சர்ச்சை.

அந்தக் கப்பல் 'எம்பிரஸ்'. 1990இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியபோதே மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கென்று வடிவமைக்கப்பட்டது அது. 48,563 டன். மூழ்கிப்போன டைட்டானிக் 46,328. இன்றைய கணக்கில் எம்பிரஸ் சிறிய கப்பல். சிங்கப்பூரிலிருந்து ஓடியிருக்கும் 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' 1,68,666 டன். இந்த 'டன்' எடை என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு அது. பழைய காலத்தில் ஒரு கப்பல் எத்தனை மதுப்பீப்பாய் கொள்ளும் என்று எண்ணியதிலிருந்து வந்த சொல். இங்கேயும் மது வந்துவிட்டது பாருங்கள்.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது?

நாளிதழ்களில் 'சொகுசுக் கப்பல்'. இலங்கையில் 'உல்லாசக் கப்பல்', அங்கே சுற்றுலாப் பயணியையே உல்லாசப் பயணி என்றுதான் சொல்வார்கள். சொகுசு தெலுங்குப் பக்கமிருந்து வந்தது, உல்லாசம் வடசொல். அதற்காக நான் இவற்றைத் தள்ளவில்லை, இரண்டும் நம்மோடு எப்போதோ கலந்துவிட்டன. என் குறை வேறு. இந்தச் சொற்கள் டிக்கெட் விலையைச் சொல்கின்றன, செயலைச் சொல்லவில்லை. பணக்காரர் ஒருவரின் தனிப்படகும் சொகுசுக் கப்பல்தான். குரூசில் ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்றில் நான்கு பேர் அடுக்குக் கட்டிலில் படுத்துப் போவதும் உண்டு, அதில் சொகுசு எங்கே? 'பயணக் கப்பல்' என்போரும் உண்டு. எந்தக் கப்பல்தான் பயணம் போகாது?

கப்பலைப் பற்றி நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. கலம், நாவாய், வங்கம், தோணி, புணை என்று நீளும். முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம் என்று உறுப்புகளுக்கும் பெயர் உண்டு. ஆனால் பேச்சு வழக்கில் கப்பல் வந்தாலே கவலைதான். மானம் கப்பலேறும். கப்பல் கவிழ்ந்ததுபோல் கன்னத்தில் கைவைப்போம். திரைகடல் ஓடியும் திரவியம் தேடச் சொல்லிக்கொடுத்தார்களே தவிர, இருக்கும் திரவியத்தைத் திரைகடலில் தீர்த்துவிட்டு வரச் சொன்னவர் யாரும் இல்லை.

விடை சித்தியிடமிருந்தே வந்தது. தம்பி பொறுமையாக விளக்கியிருக்கிறான்: பெரிய கப்பல், உள்ளேயே சாப்பாடு, பாட்டு, நீச்சல்குளம், சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்குவோம். "ஏறுன இடத்துலயே எறங்கவா இவ்வளவு துட்டு?" என்று கேட்டுவிட்டு, சித்தி கொஞ்சம் நிதானித்து, "அப்பம் தெப்பம்னு சொல்லு" என்றாராம்.

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை. தெப்பத்தில் சாமி எந்த ஊருக்கும் போவதில்லை. விளக்குப் போட்டு, மேளம் வைத்து, மிதவையில் ஏறி, குளத்தைச் சுற்றி, புறப்பட்ட படித்துறைக்கே வருகிறார். பார்ப்பதும் பார்க்கப்படுவதும்தான் நோக்கம். தெருவில் நடந்தால் அது வீதியுலா. மன்னன் நகர் சுற்றி வருவதைப் பாட ஒரு தனி இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது, அதன் பெயரும் உலா. உலவு, உலாவு என்ற வினைக்குள்ளேயே 'வேலையில்லாமல், அவசரமில்லாமல், சுற்றித் திரும்புதல்' என்ற பொருள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்றும் 'உலாத்தப் போறம்' என்பார்கள். சுற்றுலா என்ற சொல் இப்படிச் சேர்ந்து வந்ததுதான்.

ஆகவே பயணத்துக்குக் கடலுலா, கப்பலுக்கு உலாக்கப்பல். டச்சுக்காரரின் குறுக்கும் நெடுக்குமான ஓட்டத்துக்கு இது நெருக்கமாகவே வருகிறது. இது தாங்கினால் இன்னும் சிலவும் தாமாக வந்து சேரும். துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்த்துவருவது கரையுலா. எந்தத் துறையையும் தொடாமல் நாள் முழுக்க நீரில் கழிவது கடல்நாள். 'எங்கும் போகாத குரூஸ்'? வெறுங்கடல் உலா என்று சொல்லிப் பார்க்கிறேன், கொஞ்சம் சோகமாகத் தொனிக்கிறது. வேறு நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் பயணத் திட்டமும் சரியாகும் என்பது தம்பி விஷயத்தில் பார்த்தது. அவன் முதலில் பினாங்கைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தான். பினாங்கு பார்க்கவேண்டுமென்றால் விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கப்பலில் வெள்ளி மாலை கிளம்பினால் மறுநாள்தான். கடலுலாவில் ஊர் என்பது சாக்கு, கப்பல்தான் இடம். அதனால் முதலில் பார்க்கவேண்டியது கப்பல், அடுத்துத்தான் அது தொடும் துறை.

'மூன்று இரவு, நான்கு நாள்' என்பதிலும் உலாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஏறும்போதே பிற்பகல் ஆகிவிடும். திங்கட்கிழமை காலையில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். முழு நாள் என்று கையில் இருப்பது சனியும் ஞாயிறும் மட்டும். நான்கு நாள் என்று எண்ணி அலுவலகத்தில் விடுப்புக் கேட்டவர் ஏமாறுவார். பெரிய கப்பலில் மாலை நிகழ்ச்சிகளுக்கும் சில விளையாட்டுகளுக்கும் முன்பதிவு வேண்டியிருக்கும். ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த இரண்டு நாளும் வரிசையில் நிற்பதிலேயே கரையும். என் தம்பி கரைத்தான்.

கிளம்பிய இடத்துக்கே திரும்புவதால் இன்னொன்றும் உண்டு. வேறு நாட்டுத் துறையைத் தொட்டுவிட்டால், திரும்பி வருவதும் குடியேற்ற அதிகாரிக்குப் புது நுழைவுதான். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் சிங்கப்பூருக்கு வந்த மாமனார் மாமியாரைக் கப்பலில் ஏற்றுமுன் அதைச் சரிபார்க்கவேண்டும். அறை எடுக்கும்போது அணியத்துக்கும் அமரத்துக்கும் நடுவே, கீழ்த்தளமாகப் பார்த்து எடுத்தால் ஆட்டம் குறைவு, குமட்டலும் குறைவு. மலாக்கா நீரிணை பொதுவாக அவ்வளவு படுத்தாது. சென்னையிலிருந்து போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலை நம்பவேண்டாம். டிக்கெட் விலைக்குள் வராதவை வழக்கமாக மது, இணையம், பணியாளர் சேவைத்தொகை. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

பினாங்கில் அவனுக்கு ஒரு சிக்கலும் இல்லை. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, நேரத்துக்குத் திரும்பிவிட்டான். அந்தப் பக்கத்தில் ரஜூலாவில் வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் கடை வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் கேட்ட "எப்படி வந்தீங்க?" என்ற கேள்விக்கு "குரூஸ்ல வந்தோம்" என்று சொன்னானாம். கல்லாவில் இருந்த பெரியவர் "எங்க அப்பா கப்பல்ல வந்தாரு" என்றிருக்கிறார்.