கவர்பொருள்: ‘தெளிவற்ற கதை’ என்பது ஏன் தவறு

‘ரெடி ஆர் நாட்’ என்ற கணினி விளையாட்டைப் பற்றித் தமிழில் யார் பேச ஆரம்பித்தாலும் ஒரு வாக்கியம் வந்து நின்றுவிடுகிறது: “இதன் கதைசொல்லல் தெளிவற்றது, சந்தேக முகவர்கள் பலர் வருகிறார்கள்.” கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சொல்பவர்கள் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஆம்பிகுவஸ்’ என்று எழுதினால் அது பாராட்டாகவே நிற்கும். தமிழில் ஒரு கதையைத் தெளிவற்றது என்றால் எழுதத் தெரியாதவர் எழுதியது என்றுதான் பொருள். பாராட்டு போகிற வழியிலேயே வசையாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைச் செய்தது ஒரே ஒரு தவறான சொல்.

வேரை முதலில் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘அம்பிகுவுஸ்’. ‘அம்பி’ என்றால் இருபுறமும், சுற்றிலும். ‘அகெரே’ என்றால் ஓட்டுதல், செலுத்துதல். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செலுத்தப்பட்டு ஒரு முடிவில் நிற்காதது ‘ஆம்பிகுவஸ்’. அவ்வளவுதான். இருட்டு, மங்கல், புகை என எதுவும் அந்த வேரில் இல்லை. இரண்டு வழி என்பது மட்டும்தான் இருக்கிறது. ‘தெளிவற்ற’ என்ற மொழிபெயர்ப்பில் இல்லாமல் போனதும் அந்த இரண்டு வழிதான்.

வேறுபாட்டை அந்த விளையாட்டுக்குள்ளேயே காட்ட முடியும். 2021 டிசம்பரில் முன்னோட்டப் பதிப்பாக வெளிவந்து, 2023 டிசம்பர் 13 அன்று முழுமை பெற்ற விளையாட்டு இது. உருவாக்கியது வாய்டு இன்டராக்டிவ். கலிபோர்னியாவில் லாஸ் சுவேனோஸ் என்றொரு கற்பனை நகரம். அங்கே ஸ்வாட் எனப்படும் அதிரடிப் போலீஸ் அணி ஒன்றுக்கு நாம் தலைவர். கதவை உடைக்கிறோம், கண்ணீர்ப்புகைக் குண்டை உருட்டி விடுகிறோம். அறைக்குள் எதுவும் தெரியவில்லை. மூலையில் நிற்பது அலமாரியா ஆளா என்று புரியவில்லை. இதுதான் தெளிவின்மை. இதற்கு மருந்து உண்டு: கைவிளக்கைப் போடலாம், இருளில் பார்க்கும் கண்ணாடியை மாட்டலாம், புகை அடங்கும்வரை காத்திருக்கலாம்.

அப்புறம் அடுத்த அறை. விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஒருவன் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். சட்டை நிறம் தெரிகிறது, விரல்கள் தெரிகின்றன, முகத்து வியர்வைகூடத் தெரிகிறது. “மண்டியிடு” என்று கத்துகிறோம். அவன் அசையவில்லை. சரணடைகிறானா, இடுப்பில் செருகிய துப்பாக்கியை எடுக்க ஒரு நொடி தேடுகிறானா? இந்த விளையாட்டில் இரண்டும் நடக்கும். பொய்யாகச் சரணடைபவர்கள் உண்டு. அவசரப்பட்டுச் சுட்டால் முறையற்ற பலப்பிரயோகம் என்று மதிப்பெண் குறையும். தாமதித்தால் நம் ஆள் ஒருவர் விழுவார். அந்தத் தூக்கிய கைகளில் தெளிவில்லாதது என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கை தெளிவாகத் தெரிகிறது, அதன் பொருள்தான் இரண்டாகக் கிளைக்கிறது. எத்தனை விளக்கைப் போட்டாலும் இந்த இரண்டு ஒன்றாகாது.

கதையும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அவசர அழைப்பின் ஒலிப்பதிவு, புறப்படும் முன் தரப்படும் விளக்கவுரை, இடத்தில் கிடைக்கும் சான்றுகள் ஆகியவை நம் கையில் தரப்படுகின்றன. நேரலை ஒளிபரப்பாளர் ஒருவரின் குடியிருப்பில் தொடங்கும் ஒரு வழக்கு, திறமையாளர் முகமை ஒன்றுக்கும், அங்கிருந்து ஒரு தரவு மையத்துக்கும், கடைசியில் ஒரு பணக்காரரின் மாளிகைக்கும் போகிறது. கண்ணிகளைக் கோத்துச் சொல்ல ஒரு கதைசொல்லி வருவதில்லை. கோப்பது நம் வேலை. ஒவ்வொரு துண்டும் துல்லியமானது. யாருக்கு எவ்வளவு தெரியும், யார் யாரைக் காப்பாற்றுகிறார் என்ற இடத்தில்தான் வழி பிரிகிறது. இப்படித் திட்டமிட்டு வழி பிரித்து வைத்த ஒன்றைத் ‘தெளிவற்ற’ என்று சொல்வது செய்தவரின் உழைப்பை இல்லையென்று சொல்வதற்குச் சமம்.

“எல்லாம் ஒன்றுதானே, வாசகனுக்குப் புரிந்தால் போதாதா?” என்று மொழிபெயர்ப்பாளர்கள் கேட்பார்கள். புரியவில்லை என்பதுதான் என் புகார். தமிழில் இந்தப் பொருளைச் சுற்றி மட்டும் ஒரு கைப்பிடிச் சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. புதுக்கவிதை வந்த காலத்தில் எளிதில் பொருள் பிடிபடாத எழுத்தைக் குறிக்கத் திறனாய்வாளர்கள் ‘இருண்மை’ என்றார்கள். நல்ல சொல். ஆனால் இருண்மையில் ஒரு பொருளே அகப்படாமல் தவிக்கிறோம். இங்கே இரண்டு பொருள் ஒன்றாக வந்து நிற்பதால் தவிக்கிறோம். ‘குழப்பம்’ என்பது ஒழுங்கு கெட்ட நிலை. குழப்பமான கதை என்றால் எது முன், எது பின் என்று தெரியாத கதை.

‘பொருள்மயக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘தெளிவற்ற’ என்பதைவிட இது எவ்வளவோ மேல், அதை ஒத்துக்கொள்கிறேன். மொழியியல் பாடத்தில் ஒரு வாக்கியம் இருவிதமாகப் பொருள்படுவதைச் சொல்ல இது போதும். கதைக்கு வரும்போதுதான் இடிக்கிறது. மயங்குதல் என்றால் கலத்தல், தடுமாறுதல். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ ஒன்று. தொல்காப்பிய மரபியலிலும் ‘மயங்கக் கூறல்’ சிதைவுகளின் வரிசையில் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தில் குற்றம் என்ற கறை அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. போதாதற்கு இன்றைய காதில் மயக்கம் என்றால் தலைசுற்றல். ‘மயக்கமான கதை’ என்று எழுதிப் பாருங்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும்.

‘ஐயம்’? அதுவும் வேறு. தூரத்தில் தெரியும் உருவம் குற்றியோ மகனோ என்று உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிட்டே போனால் அது கட்டை என்றோ ஆள் என்றோ தெரிந்துவிடும், ஐயம் தீர்ந்துவிடும். ஐயம் பார்ப்பவர் மனத்தில் இருப்பது. நாம் தேடும் சொல் கதையிலேயே இருக்கும் ஒரு தன்மையைக் குறிக்க வேண்டும். ‘சிலேடை’ இன்னும் விலகி நிற்கிறது. அங்கே இரண்டு பொருளும் உண்மை, இரண்டையும் சேர்த்தே ரசிக்க வேண்டும். ‘இரட்டை அர்த்தம்’ பக்கமே போக வேண்டாம், திரைப்பட வசனங்கள் அந்தச் சொல்லை எப்போதோ அழுக்காக்கிவிட்டன.

சரி, எந்தச் சொல்? கவர்பொருள்.

‘கவர்’ என்றால் பிரிவு, கிளை. கவட்டை, கவைக்கோல் எல்லாம் இதே குடும்பம். சங்க நூல்களில் ‘கவலை’ என்றால் கவர்த்த வழி, அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடம். இலத்தீன் வேரில் இருக்கும் இருவழி அப்படியே இங்கே இருக்கிறது, நாம் எதையும் வளைக்க வேண்டியதில்லை. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் வழுக்களை, அதாவது குற்றங்களைச் சொல்லும் இடத்தில் ‘கவர்படு பொருண்மொழி’ என்று ஒன்றைச் சொல்கிறது. ஒரு பொருளைத் துணிந்து சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு பொருளுக்கு இடம்கொடுத்து நிற்கும் சொல் அது.

“மயக்கத்தைக் குற்றம் என்று தள்ளினீர்களே, கவர்பொருளும் வழுதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் தண்டியலங்காரத்தின் மூலமான வடமொழிக் காவியாதரிசத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட சொல்லை ஐயத்தை எழுப்புவதற்காகவே ஒருவர் பயன்படுத்தினால் அது குற்றமன்று, அணியே, அதாவது செய்யுளுக்கு அழகே என்று அதை எழுதிய தண்டி அங்கே சொல்கிறார். நினைக்காமல் கவர்பட்டால் வழு. நினைத்துக் கவர்படச் செய்தால் அணி. இந்த விளையாட்டு செய்வது இரண்டாவது. மயங்க வைத்தலுக்கு அப்படி ஒரு விடுதலை கிடையாது.

ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ‘கவர்’ என்றதும் பலருக்குக் கவர்ச்சி நினைவுக்கு வரும், சிலருக்குக் கடித உறை. ‘கவர்பொருள்’ என்று ஒட்டி, முதல்முறை மட்டும் ‘இருவழிப் பொருள்’ என்று ஒரு விளக்கத்தோடு எழுதினால் அடுத்த பத்தியில் வாசகருக்குப் பழகிவிடும். வினையாகவும் நன்றாக வளையும்: கதை கவர்படுகிறது, முடிவைக் கவர்படச் சொல்கிறார்கள், கவர்பட்ட வசனம். ‘தெளிவற்ற’ என்பதை வைத்து இப்படி ஒரு வினையை உருவாக்கிக் காட்டட்டும், பார்க்கலாம்.

இனி அந்த ‘சந்தேக முகவர்கள்’. ஆங்கில ‘ஏஜென்ட்’ என்பதும் அதே ‘அகெரே’ வேரிலிருந்து வந்தது. செய்பவர், செயல்படுபவர் என்று பொருள். தமிழில் ‘முகவர்’ என்பது இன்னொருவர் சார்பில் நிற்பவருக்கு உறுதியாகப் பதிந்த சொல்: காப்பீட்டு முகவர், பயண முகவர், வாக்குச்சாவடி முகவர். கைது செய்யும் அதிகாரமும் அரசு அடையாள அட்டையும் உள்ளவரை முகவர் என்றால் யார் சார்பில், எந்த நிறுவனத்துக்கு என்ற கேள்விதான் முதலில் எழும். இந்த விளையாட்டில் வருபவர்கள் ஃபீசா என்ற சுருக்கப்பெயர் கொண்ட கற்பனை அமைப்பினர். அமெரிக்காவில் 1978-இல் வந்த அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் சுருக்கப்பெயரும் இதேதான், ஆக அந்தப் பெயரே ஒரு நிழலோடு வருகிறது. இவர்களை ‘நடுவண் உளவு அதிகாரிகள்’ என்று சொன்னால் போதும். ‘ஒற்றர்’ என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ஒற்றர் என்பவர் தன்னை மறைத்துக்கொள்பவர். இவர்கள் தங்களை மறைப்பதில்லை, தங்கள் நோக்கத்தைத்தான் மறைக்கிறார்கள்.

‘சந்தேக’ என்பது அதைவிட மோசம். சந்தேகப்படும் அதிகாரியா, சந்தேகத்துக்கு ஆளான அதிகாரியா? தமிழில் இரண்டுக்கும் தனித்தனி எச்சம் இருக்கும்போது இரண்டையும் வெட்டிவிட்டு வெறும் பெயரை முன்னால் ஒட்டுகிறார்கள். போலீஸ் விளையாட்டில் இது சின்ன விஷயமில்லை. இங்கே சந்தேகப்படுவதுதான் நம் தொழில். எதிரே நிற்பவர் சந்தேகத்துக்கு ஆளானவர். அந்த அதிகாரிகள் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதுதான் கதையே. ‘நம்ப முடியாத அதிகாரிகள்’ அல்லது ‘சந்தேகத்துக்கு இடமான அதிகாரிகள்’ என்று எழுதக் கூடுதலாக ஒரு சொல்தான் செலவாகும்.

தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களிடமும் இந்தப் பழக்கம் பரவுவதுதான் எனக்கு வருத்தம். ஆங்கிலப் பெயரடை ஒவ்வொன்றுக்கும் ‘அற்ற’, ‘மிக்க’, ‘சார்ந்த’ என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தெளிவற்ற, உணர்வுமிக்க, உத்திசார்ந்த. மூன்றும் ஒரே பத்தியில் வருவதைப் பார்த்திருக்கிறேன். உத்திசார்ந்த போலீஸ் விளையாட்டு என்றால் என்ன? உத்தி இல்லாத விளையாட்டு ஏதாவது இருக்கிறதா? கதவருகே யார் முதலில் நிற்பது, யார் இடப்பக்கம் திரும்புவது, எந்த அறையை முதலில் அடைப்பது என்று அணியை நடத்தும் விளையாட்டு அது. ‘அணி நடத்தும் போலீஸ் விளையாட்டு’ என்றால் ஆடாதவருக்கும் கண்ணில் தெரியும். அகராதியைத் திறப்பதற்கு முன் அந்த விளையாட்டில் ஒரு கதவையாவது திறந்து உள்ளே போயிருந்தால் இந்தச் சொற்கள் தாமாகவே வந்திருக்கும்.