டிரேட்மார்க் கை மாறும்போது: பத்திரத்தோடு வேலை முடிவதில்லை

1998-இல் இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனியை அதன் உரிமையாளரான விக்கர்ஸ் விற்பனைக்கு வைத்தது. பி.எம்.டபிள்யூ.வோடு போட்டி போட்டு, 43 கோடி பவுண்டுக்கு வோக்ஸ்வாகன் அதை வாங்கியது. க்ரூ நகரத் தொழிற்சாலை வந்தது. காரின் முகப்பில் நிற்கும் சிறகுச் சிலைக்கான உரிமையும் வந்தது. ஆனால் ‘ரோல்ஸ் ராய்ஸ்’ என்ற பெயர் விக்கர்ஸிடம் இல்லை. அது விமான எஞ்சின் தயாரிக்கும் வேறொரு கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனி, கார்களுக்குப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை 4 கோடி பவுண்டுக்கு பி.எம்.டபிள்யூ.வுக்குக் கொடுத்துவிட்டது. கடைசியில், 2002 முடியும்வரை வோக்ஸ்வாகன் அந்தப் பெயரில் கார் செய்யலாம், 2003 முதல் பெயர் பி.எம்.டபிள்யூ.வுக்கு என்று சமரசம் ஆனது.

தொழிலை வாங்குவது வேறு, டிரேட்மார்க்கை வாங்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அதனால் ஒரு பிராண்டை வாங்க நினைப்பவர் விலை பேசுவதற்கு முன்பே பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான நாடுகளின் டிரேட்மார்க் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அங்கே உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது? அடிக்கடி வரும் சிக்கல் இங்கேதான். தொழில் ஆரம்பித்தவர் தன் சொந்தப் பெயரில் டிரேட்மார்க் பதிவு செய்திருப்பார். சில வருடம் கழித்து அதே தொழிலைக் கம்பெனியாக மாற்றியிருப்பார். டிரேட்மார்க்கை மட்டும் கம்பெனிக்கு எழுதித் தந்திருக்க மாட்டார். இப்போது அந்தக் கம்பெனி உங்களுக்கு டிரேட்மார்க்கை விற்றால், தன்னிடம் இல்லாத ஒன்றை விற்கிறது. முதலில் அவரிடமிருந்து கம்பெனிக்கு ஒரு பத்திரம், பிறகு கம்பெனியிடமிருந்து உங்களுக்கு ஒரு பத்திரம் என்று சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பதிவகம் கேள்வி கேட்கும்; அதற்குள் பழைய உரிமையாளர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டிவரும். கூடவே பதிவு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல நாடுகளில் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியான பதிவைக் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தமில்லை.

உரிமை மாற்றத்தையும் லைசென்ஸையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். லைசென்ஸ் கொடுத்தவர் உரிமையாளராகவே நீடிப்பார். அதேபோல ஒரே கம்பெனி தன் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் அது உரிமை மாற்றம் ஆகாது; அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு.

சரி, விற்பவர்தான் உரிமையாளர் என்று உறுதியாகிவிட்டது. அடுத்தது பத்திரம். அநேகமாக எல்லா நாட்டிலும் இது எழுத்தில் இருக்க வேண்டும். பிரிட்டனில் விற்பவரின் கையெழுத்து கட்டாயம். ஒரே பதிவில் ஒன்றிய நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லும் ஐரோப்பிய ஒன்றிய டிரேட்மார்க்குக்கு இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்தியாவில் பத்திரத்துக்கு மாநில விதிப்படி முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும்.

பத்திரத்தின் வாசகத்தை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது. ‘இதன் மூலம் உரிமையை மாற்றித் தருகிறேன்’ என்று இருந்தால் கையெழுத்தோடு உரிமை கை மாறுகிறது. ‘மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்’ என்று இருந்தால் அது வெறும் வாக்குறுதி. விற்பவர் மறுபடி ஒரு பத்திரம் எழுதித் தந்தால்தான் உண்டு. பணத்தை வாங்கியபின் அவர் கைக்கு எட்டுவாரா என்பது வேறு கேள்வி. கடைசிப் பக்கத்து அட்டவணையில் பதிவு எண், வகுப்பு (பொருள்களையும் சேவைகளையும் இனம் பிரிக்கும் எண்), எந்தெந்தப் பொருள்கள் அல்லது சேவைகளுக்கான பதிவு என்பதெல்லாம் பதிவேட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். இன்னொரு வரியும் அவசியம்: இந்தத் தேதிக்கு முன்பு நடந்த மீறல்களுக்காக வழக்குப் போடும் உரிமையும் வாங்குபவருக்கே சேரும் என்பது. அது இல்லாவிட்டால், போன வருடம் போலிச் சரக்கு விற்றவன்மேல் நீங்கள் வழக்குப் போட முடியாமல் போகலாம்.

இனி குட்வில், அதாவது தொழில் சம்பாதித்து வைத்திருக்கும் நற்பெயர். இதில்தான் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம். டிரேட்மார்க்கின் மதிப்பு அந்த எழுத்திலோ படத்திலோ இல்லை. அதைப் பார்த்து வாங்குகிறவர்களின் நம்பிக்கையில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்குக் காரணமான தொழிலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் விற்றால், அதே பெயரில் வேறு தரத்துச் சரக்கு வந்து வாங்குகிறவர் ஏமாறுவார் என்பது பழைய சட்டங்களின் கவலை. 1995-இல் நடைமுறைக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ் உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவு, தொழிலோடு சேர்த்தோ சேர்க்காமலோ டிரேட்மார்க்கை மாற்றிக்கொடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. ஆனாலும் அமெரிக்கச் சட்டத்தில் குட்வில்லும் சேர்ந்தே மாற வேண்டும். வெறும் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிடும். அங்கே இன்னொரு பொறியும் உண்டு. ‘இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்’ என்ற அடிப்படையில் போட்ட விண்ணப்பத்தை, பயன்பாட்டுக்கான அறிக்கை தாக்கல் ஆகும்முன் பிறருக்கு மாற்றக்கூடாது. தொழிலையே எடுத்து நடத்தப்போகிறவருக்கு மட்டும் விலக்கு.

இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம் குட்வில்லோடு மாற்றவும் குட்வில் இல்லாமல் மாற்றவும் இடம் தருகிறது. பதிவாகாத டிரேட்மார்க்கையும் மாற்றலாம். ஆனால் பயன்பாட்டில் உள்ள டிரேட்மார்க்கைக் குட்வில் இல்லாமல் வாங்குபவர், ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் விண்ணப்பித்து, அவர் சொல்கிறபடி விளம்பரம் வெளியிட வேண்டும் (42-ஆவது பிரிவு). அதிகபட்சம் மூன்று மாதம் நீட்டிப்பு கிடைக்கும். இதைச் செய்யாவிட்டால் மாற்றமே நடைமுறைக்கு வராது. வேறு காரணம் இல்லையென்றால் குட்வில்லோடு சேர்த்து வாங்குவதுதான் எந்த நாட்டிலும் பாதுகாப்பு என்பேன்.

பங்கு பிரித்துக் கொடுப்பதற்கும் வரம்பு உண்டு. சில பொருள்களுக்கு மட்டும் உரிமையை மாற்றலாம். ஆனால் ஒரே மாதிரிப் பொருளுக்கு இரண்டு உரிமையாளர் ஆகி மக்கள் குழம்பும்படி இருந்தால் இந்தியச் சட்டம் அனுமதிக்காது. ஐரோப்பிய ஒன்றிய டிரேட்மார்க்கை, பிரான்ஸ் உனக்கு, ஜெர்மனி எனக்கு என்று பிரிக்கவே முடியாது.

சொந்தப் பெயரையே பிராண்ட் ஆக்கியவர்கள் விற்கும்முன் இருமுறை யோசிக்க வேண்டும். இளவரசி டயானாவின் திருமண உடையை வடிவமைத்த இருவரில் ஒருவர் எலிசபெத் இமானுவேல். அவர் பெயரிலான டிரேட்மார்க் 1990-களில் தொழிலோடு சேர்ந்து கை மாறியது. அவர் விலகிய பிறகும் புதிய உரிமையாளர் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். வடிவமைப்பாளர் இப்போது அங்கே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக டிரேட்மார்க்கை ரத்து செய்ய முடியாது என்று 2006-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பத்திரம் கையில் வந்ததும் பலர் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும்வரை வெளியுலகத்துக்குப் பழையவர்தான் உரிமையாளர். அவர் அதே டிரேட்மார்க்கை, உங்கள் பத்திரத்தைப் பற்றி எதுவும் தெரியாத இன்னொருவருக்கு விற்றால்? இந்தியாவிலும் பிரிட்டனிலும், நீங்கள் பதிவுக்கு விண்ணப்பிக்கும்வரை அந்த மூன்றாம் நபருக்கு எதிராக உங்கள் பத்திரம் நிற்காது. அமெரிக்காவில் மூன்று மாதத்துக்குள்ளோ அடுத்த விற்பனைக்கு முன்போ பதிந்துவிட வேண்டும்; தவறினால் விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவர் முந்திவிடுவார். பிரிட்டனில் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால், இடைப்பட்ட காலத்து மீறலுக்காக வழக்குப் போட்டு ஜெயித்தாலும் வழக்குச் செலவு கிடைக்காமல் போகலாம். இந்தியாவில் விண்ணப்பத்துக்கான படிவம் டி.எம்.-பி (TM-P).

இறந்தவரின் டிரேட்மார்க் வாரிசுக்கு வரும்போதும், கம்பெனிகள் இணையும்போதும் விற்பனைப் பத்திரம் இருக்காது. உயில், வாரிசு ஆவணம், இணைப்பு உத்தரவு ஆகியவை அந்த இடத்தை நிரப்பும். விண்ணப்பம் மட்டும் கட்டாயம்.

பல நாடுகளில் பதிவு இருந்தால் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளுக்குப் பதிவு கேட்கும் மாட்ரிட் முறையில் எடுத்த சர்வதேசப் பதிவாக இருந்தால் ஜெனீவாவில் உள்ள வைப்போ (WIPO, உலக அறிவுசார் சொத்து அமைப்பு) அமைப்பிடம் ஒரே விண்ணப்பம் போதும். ஆனால் வாங்குபவர் மாட்ரிட் உறுப்பு நாடு ஒன்றின் குடிமகனாகவோ, அங்கே வசிப்பவராகவோ, அங்கே தொழில் நடத்துபவராகவோ இருக்க வேண்டும்.

டிரேட்மார்க்கோடு தானாக வந்து சேராத சில சங்கதிகளும் இருக்கின்றன. லோகோவை வரைந்த ஓவியரிடமே பதிப்புரிமை தங்கியிருக்கலாம். அதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். இணையதள முகவரி, சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொல் எல்லாம் பத்திரத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட வேண்டும். அப்புறம், பழைய பெயரோடு அச்சடித்து விற்பவரின் கிடங்கில் கிடக்கும் சரக்கை அவர் எந்தத் தேதிவரை விற்றுத் தீர்க்கலாம் என்பதையும் அதே பத்திரத்தில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.