எதிரே இல்லாத மனம்

1997 மே மாதம் நியூயார்க்கில் உலகச் சதுரங்கச் சாம்பியன் காரி காஸ்பரோவுடன் ஆடிய முதல் ஆட்டத்தில், தோல்வியின் விளிம்பில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி, 44ஆவது நகர்வில் காரணமே புரியாத வகையில் தன் யானையை நகர்த்தியது. காஸ்பரோவ் உடனே வென்றுவிட்டார். ஆனால் அந்த நகர்வு அவரை உறுத்தியது. தம் கண்ணுக்கு எட்டாத எதையோ அது வெகுதூரம் கணக்கிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று எண்ணினார். அது நிரலில் இருந்த பிழையால் நேர்ந்த நகர்வு என்று, டீப் புளூவை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த மர்ரே காம்ப்பெல் பிற்காலத்தில் தெரிவித்தார்.

டீப் புளூ விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயும். ஒவ்வொரு நகர்வுக்கும் வரக்கூடிய பதில்களையும், அவற்றுக்கான பதில்களையும் கிளை கிளையாக விரித்து, நுனியில் உள்ள நிலைக்குக் காய்களின் மதிப்பு, ராஜாவின் பாதுகாப்பு போன்றவற்றைக் கொண்டு மதிப்பெண் போட்டு, பயனற்ற கிளைகளை வெட்டிவிடும். கணக்கு எட்டும் ஆழத்துக்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் காய்கள் மோதிக்கொள்ளாத, சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட நிலைகளுக்குக் கணினியை இழுத்துச் செல்வது கிராண்ட்மாஸ்டர்களின் உத்தியாக இருந்தது. மூன்றாம் ஆட்டத்தை காஸ்பரோவ் ராணியின் முன்னிருந்த சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தித் தொடங்கியது, கணினியில் முன்பே பதிந்திருந்த தொடக்க நகர்வு வரிசைகளுக்கு வெளியே செல்லத்தான். ஆனால் அந்த உத்தியில் மனிதரும் தம் பல்லாண்டு அனுபவத்தைக் கைவிடுகிறார் என்பதால், அது எனக்கு அத்தனை மலிவான பேரமாகத் தோன்றவில்லை.

இரண்டாம் ஆட்டம்தான் திருப்பம். ராணியை உள்ளே அனுப்பிச் சிப்பாய்களைப் பறிக்கும் வாய்ப்பு இருந்தும், டீப் புளூ 37ஆவது நகர்வில் பிஷப்பை நடுப்பலகைக்குக் கொண்டுவந்து காஸ்பரோவின் எதிர்த்தாக்குதலை அடைத்தது. கணினி என்றால் கிடைத்ததைத் தின்னும் என்று நம்பியிருந்தவருக்கு, உள்ளே மனிதர் யாரோ இருக்கிறார் என்ற சந்தேகமே எழுந்தது. 45ஆவது நகர்வுக்குப் பின் தோல்வியை ஒப்புக்கொண்டார். தொடர்ந்து செக் வைத்து டிரா செய்யும் வழி இருந்தது என்று மறுநாள் அவருடைய குழுவினர் சொன்னபோது அவர் உடைந்துபோனார். கணினியின் கணக்கைத் தாமே சரிபார்க்காமல், அது தவறாது என்று எடுத்துக்கொண்டதன் விலை அது. அடுத்த மூன்று ஆட்டங்களும் டிராவாயின. ஆறாவதில் 19 நகர்வுகளில் தோற்று, போட்டியை 2.5–3.5 என்று இழந்தார்.

அச்சம் மட்டுமே மனிதரை வீழ்த்துவதில்லை, பழக்கமும் வீழ்த்தும். 2006இல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற சதுரங்க நிரலுடன் ஆடிய அப்போதைய உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், ஒரே நகர்வில் வரவிருந்த மேட்டை, அதாவது ராஜா தப்ப வழியில்லாத முடிவைக் காணாமல் ராணியை நகர்த்தினார். பலகையின் கடைசி வரிசையில், எஃப்8 கட்டத்தில் நின்ற கணினியின் வெள்ளைக் குதிரைதான் எச்7 கட்டத்துக்குக் காவலாக இருந்தது. அந்த இடத்திலிருந்து குதிரை மேட்டுக்குத் துணைநிற்கும் காட்சி ஆட்டக்காரர்களின் கண்ணுக்குப் பழகியதன்று. வழக்கமானது, அபூர்வமானது என்ற பாகுபாடே அறியாத கணினி, 35ஆவது நகர்வில் ராணியை எச்7இல் வைத்து ஆட்டத்தை முடித்தது.