‘அப்பவே ரயிலில் போயிருக்கலாம்’

தாம்பரத்திலிருந்து சென்ட்ரலுக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். நெரிசல் இல்லாத நாளில் காரில் சுகமாகப் போய்விடலாம். ஆனாலும் நான் மின்சார ரயிலில்தான் ஏறுவேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு படியேறி இறங்குவேன். காரணம் ஒன்றுதான். குரோம்பேட்டையில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் கடகடவென்று கடந்து போகும். அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

இன்னும் நடக்காத ஒன்றுக்காக இப்போதே படும் இந்த வருத்தம், முடிவெடுப்பதில் பெரிய பங்கு வகிக்கிறது. கிரஹாம் லூம்ஸ், ராபர்ட் சக்டென் என்ற பொருளியலாளர்கள் 1982இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். கிடைத்தது என்ன என்பதோடு, விட்டது என்ன என்பதையும் மனிதர்கள் கணக்கில் சேர்க்கிறார்கள் என்றார்கள்.

அதே ஆண்டு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் ஒரு கதையை வெளியிட்டார்கள். இருவர் ஒரே காரில் விமான நிலையம் போகிறார்கள். விமானங்கள் வேறு, புறப்படும் நேரம் ஒன்று. நெரிசலில் சிக்கி அரை மணி நேரம் தாமதம். ஒருவரின் விமானம் சரியான நேரத்துக்கே போய்விட்டது. மற்றவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடம் முன்புதான் கிளம்பியதாம். யாருக்கு வேதனை அதிகம்? 96 சதவீதம் பேர் இரண்டாமவரைச் சொன்னார்கள். இருவருக்கும் போனது ஒரு விமானம்தான். ‘கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால்’ என்ற நினைப்பு இரண்டாமவரைத்தான் பிடுங்கித் தின்னும்.

சரி, இதை எப்படிக் கணக்கிடுவது? நெதர்லாந்தைச் சேர்ந்த காஸ்பர் கோரஸும் சக ஆய்வாளர்களும் 2008இல் பயணத் தேர்வுக்கென ஒரு கணித மாதிரியை முன்வைத்தார்கள். மூன்று வழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 4 மணி நேரம், 1,500 ரூபாய்; 6 மணி நேரம், 900 ரூபாய்; 9 மணி நேரம், 400 ரூபாய். ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடு நேரத்திலும் காசிலும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். தோற்ற இடத்தில் வரும் வலி, ஜெயித்த இடத்தில் வரும் திருப்தியைவிடக் கனமானது. முதலாவது காசில் பலமாக அடி வாங்குகிறது, மூன்றாவது நேரத்தில். நடுவில் இருப்பது எதிலும் படுதோல்வி அடைவதில்லை. அதனால் பலருடைய கை அதற்கே போகிறது. நேரத்தையும் காசையும் வெறுமனே கூட்டிப் பார்க்கும் பழைய முறையில் இது எளிதில் பிடிபடாது.

விட்ட வழியின் கதி பிறகு தெரியவரும் என்றால் இந்தப் பயம் இன்னும் கூடுகிறது. குரோம்பேட்டையில் தண்டவாளம் சாலையை ஒட்டி ஓடாமல் இருந்திருந்தால், நானும் காரிலேயே போயிருப்பேனோ என்னவோ.